எங்கே இருந்தாலும் ஏக்கர் ஒரு பவுண்ட்

1837 மார்ச் 27 அன்று, புதிதாகத் தொடங்கிய தென் ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் அடிலெய்டில் நில ஏலம் நடந்தது. ஊர் என்று சொல்ல அப்போது அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. கூடாரங்களும் நாணல் வேய்ந்த குடிசைகளும் இருந்தன, தரையில் சர்வே முளைகள் அடித்திருந்தன. சர்வேயர் ஜெனரல், அதாவது நில அளவைத் தலைவர், கர்னல் வில்லியம் லைட் ஜனவரி 11-ல் தொடங்கி மார்ச் 10-க்குள் அளந்து முடித்த 1,042 ஏக்கர்தான் நகரம். அதில் 42 ஏக்கர் பொதுப் பயனுக்கு ஒதுக்கப்பட்டது. 437 ஏக்கர், லண்டனிலேயே பணம் கட்டியவர்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கப்பட்டது. மிச்சம் இருந்த 563 ஏக்கர்தான் அன்று ஏலத்துக்கு வந்தது. சராசரியாக ஏக்கர் 6 பவுண்டை ஒட்டி விலை போனது.

நகரத்தைச் சுற்றி லைட் ஒரு பூங்கா வளையம் விட்டிருந்தார். அந்த வளையத்தைத் தாண்டினால் நாட்டுப்புற நிலம். அதே லண்டன் முதலாளிகள் அந்த நிலத்துக்குக் கொடுத்திருந்த விலை ஏக்கருக்கு 12 ஷில்லிங். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பதால், வளையத்துக்கு உள்ளே போன விலையில் இது பத்தில் ஒரு பங்கு. உள்ளே விலையை ஏலம் தீர்மானித்தது. வெளியே சட்டம் தீர்மானித்தது. அந்தச் சட்ட விலை எப்படி வந்தது, யாருக்காக வைக்கப்பட்டது, அந்த வித்தியாசம் கடைசியில் யார் மடியில் விழுந்தது என்று பார்ப்பதற்காகத்தான் தென் ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொண்டேன். நில விலையையே அடித்தளமாக வைத்து ஒரு குடியேற்றத்தை முழுசாகக் கட்டப் பார்த்த இடம் அது.

விலை வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது

இதற்கு முன்னால் நடந்த ஒரு தோல்வியிலிருந்து தொடங்க வேண்டும். 1829-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் ஸ்வான் நதிக் குடியேற்றம் தொடங்கியபோது நிலத்துக்கு விலையே இல்லை என்று சொல்லலாம். 3 பவுண்ட் முதலீடு கொண்டு வந்தால் 40 ஏக்கர் கிடைத்தது. அதாவது ஏக்கருக்கு ஒன்றரை ஷில்லிங். தாமஸ் பீல் என்பவர் இரண்டரை லட்சம் ஏக்கர் கணக்கில் திட்டம் போட்டு, கூலியாட்களைக் கப்பல் கப்பலாக அழைத்து வந்தார். ஒப்பந்தம் எழுதி வந்த ஆட்களோ கரையில் கால் வைத்த கொஞ்ச காலத்துக்குள் கலைந்து போய்விட்டார்கள். நிலம் இவ்வளவு மலிவாகக் கிடக்கும்போது இன்னொருவனிடம் ஏன் கூலிக்கு நிற்க வேண்டும்? பீலிடம் நிலம் இருந்தது, விதை இருந்தது, கருவி இருந்தது, வேலை செய்யக் கை மட்டும் இல்லாமல் போனது.

இதை வைத்து ஒரு கொள்கையை உருவாக்கியவர் எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டு. ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணை ஏமாற்றிக் கடத்தி மணந்த குற்றத்துக்காக லண்டன் நியூகேட் சிறையில் மூன்று ஆண்டு தண்டனையில் இருந்தபோது, ஆஸ்திரேலியாவைக் கண்ணால் பார்க்காமலே இதை எழுதினார். அவர் வாதம் எளிமையானது. நிலம் மலிவாக இருந்தால் கூலிக்காரன் உடனே நிலக்காரன் ஆகிவிடுவான், முதல் போட்டவனுக்கு ஆள் கிடைக்காது. ஆகையால் நிலத்துக்கு ஒரு 'போதுமான விலை' வைக்க வேண்டும். கூலிக்காரன் சில ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பிறகே அதை எட்ட முடிய வேண்டும். விற்று வரும் பணத்தை இங்கிலாந்திலிருந்து புதிய கூலிக்காரர்களை, அதிலும் இளம் தம்பதிகளை, இலவசமாக அழைத்துவரச் செலவழிக்க வேண்டும். ஒருவன் நிலம் வாங்கி விலகினால், அவன் கொடுத்த காசிலேயே அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்து சேர்வான்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. நாம் நில விலை என்று சொல்லும்போது மண்ணின் தரம், தண்ணீர் வசதி, சாலைக்கு எவ்வளவு தூரம் என்று நினைக்கிறோம். வேக்ஃபீல்டின் விலை மண்ணை அளக்கவில்லை. ஒரு கூலிக்காரன் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பதை அளந்தது. இங்கிலாந்தின் தென் மாவட்டங்களில் அந்தக் காலத்து விவசாயக் கூலி வாரம் 10 ஷில்லிங்கை ஒட்டியே இருந்தது. வருடத்துக்கு 26 பவுண்ட். 80 ஏக்கருக்கு ஏக்கர் 1 பவுண்ட் வீதம் அவனிடம் 80 பவுண்ட் கேட்பது என்றால், ஒரு வாய் சோறு சாப்பிடாமல் மூன்று வருடம் உழைத்தால்தான் கட்ட முடியும். குடியேற்றத்தில் கூலி கூடக் கிடைத்தது, செலவும் கூட இருந்தது. இந்தக் காத்திருப்பைத்தான் விலை என்ற பெயரில் வைத்தார்கள். அந்தப் 'போதுமான' தொகை எவ்வளவு என்று வேக்ஃபீல்டு கடைசிவரை ஓர் எண்ணைச் சொல்லவே இல்லை. ஒரு கொள்கையின் மையத்தில் இருக்கும் எண்ணையே காலியாக விட்டதை நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன். அந்தக் காலி இடத்தைப் பிறர் தங்கள் வசதிக்கு நிரப்பினார்கள்.

81 பவுண்டுக்கு எத்தனை ஏக்கர்

1834-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தென் ஆஸ்திரேலியச் சட்டத்தை நிறைவேற்றியது. நிலத்தைப் பற்றி அது சொன்ன விதிகள் கறாரானவை. இனாம் கிடையாது. முழுப் பணமும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஏக்கருக்கு 12 ஷில்லிங்குக்குக் குறைந்து விற்கக் கூடாது. எவ்வளவு நிலம், எந்த இடத்து நிலம் என்று பார்க்காமல் ஏக்கருக்கு ஒரே விலை. வரும் பணம் முழுக்க ஆள் அழைத்துவர மட்டுமே. அரசாங்கம் நடத்த, சாலை போட, சம்பளம் கொடுக்க நிலப் பணத்தில் காசு கிடையாது. அதற்கு 2 லட்சம் பவுண்ட் வரை கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். தண்டனைக் கைதிகளை அங்கே அனுப்பக் கூடாது என்றும் சட்டம் சொன்னது. இது தவிர ஒரு முன் நிபந்தனையும் உண்டு. 35,000 பவுண்டுக்கு நிலம் விற்றுக் காட்டினால்தான் குடியேற்றமே தொடங்கலாம்.

குடியேற்றத்தின் நில விற்பனையைக் கவனிக்க அமர்த்தப்பட்ட, ராபர்ட் டோரன்ஸ் தலைமையிலான ஆணையர்கள் முதலில் ஏக்கர் 1 பவுண்ட் என்று அறிவித்தார்கள். 80 ஏக்கர் நாட்டுப்புற நிலம், ஒரு ஏக்கர் நகர மனை, இரண்டும் சேர்ந்து 81 பவுண்ட். இப்படி 437 நில உத்தரவுகள், அதாவது பின்னால் நிலம் எடுத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டுகள். பெருக்கிப் பார்த்தால் 35,397 பவுண்ட் வரும். சட்டம் கேட்ட தொகையை எட்டத்தான் இந்த எண்ணிக்கை. ஆனால் கண்ணால் பார்க்காத, இன்னும் அளக்கவே படாத, பூமியின் மறுகோடியில் கிடக்கும் நிலத்தை வாங்க லண்டனில் போதுமான ஆள் கிடைக்கவில்லை. விற்பனை நின்றுபோனது. அப்போது ஜார்ஜ் ஃபைஃப் ஆங்கஸ் என்ற வணிகர் முன்வந்து, விலையைக் குறைத்தால் மிச்சத்தைத் தாமும் தம் கூட்டாளிகளும் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆணையர்கள் 12 ஷில்லிங்குக்கு இறங்கி வந்தார்கள். அந்தக் கூட்டாளிகளின் நிலம், ஆங்கஸ் தொடங்கிய தென் ஆஸ்திரேலியக் கம்பெனியின் கைக்குப் போனது.

இறங்கி வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். 81 பவுண்ட் என்ற தொகை மாறவில்லை. 80 ஏக்கராக இருந்த நாட்டுப்புற நிலம் 134 ஏக்கராகப் பெருத்தது. ஒரு நகர ஏக்கரையும் சேர்த்து 135. ஏக்கருக்கு 12 ஷில்லிங் என்று கணக்குப் போட்டால் சரியாக 81 பவுண்ட். முன்பே பணம் கட்டியவர்களுக்கும் இதே அளவுதான். சட்டம் கேட்ட 35,000-ம் காப்பாற்றப்பட்டது, வாங்கினவர்களுக்கு ஆளுக்கு 54 ஏக்கர் கூடவும் கிடைத்தது.

இதைக் கூலியாள் பக்கத்திலிருந்து போட்டுப் பார்க்கிறேன். ஒருவரைக் கப்பலில் அழைத்துவர 17 பவுண்ட் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 81 பவுண்டில் நாலே முக்கால் பேர் வருவார்கள். முதல் கணக்கில் ஓர் ஆளுக்கு 17 ஏக்கர். குறைத்த விலையில் ஓர் ஆளுக்கு 28 ஏக்கருக்கு மேல். நிலத்துக்கு ஏற்ற ஆள், ஆளுக்கு ஏற்ற நிலம் என்ற வேக்ஃபீல்டின் சமன்பாடு கப்பல் கிளம்புவதற்கு முன்பே மாறிவிட்டது. 12 ஷில்லிங் மிகக் குறைவு என்று சண்டை போட்டு அவரே திட்டத்தை விட்டு விலகியதற்குக் காரணம் இதுதான். முன்பதிவு முடிந்த பிறகு, 1836 முதல், புதிதாக வாங்குபவர்களுக்கு ஏக்கர் 1 பவுண்ட் ஆனது. முந்தியவர்கள் 12 ஷில்லிங்கில் வாங்கிய நிலத்துக்குப் பிந்தியவர்கள் 20 ஷில்லிங். சட்டத்தில் எழுதிய ஒரே விலை முதல் நாளிலிருந்தே இரண்டு விலையாக இருந்தது.

கொள்முதல் விலை

இவ்வளவு கணக்குக்கும் அடியில் ஒரு பூஜ்யம் கிடக்கிறது. சட்டத்தின் முகவுரை இந்த நிலத்தை ஆளில்லாத தரிசு என்று எழுதியது. அடிலெய்டு சமவெளி கௌர்னா மக்களின் மண். நகரம் எழுந்த இடத்துக்குத் தார்ந்தான்யா என்று அவர்களிடம் பெயர் இருந்தது, சிவப்புக் கங்காருவின் இடம் என்று பொருள். 1836 பிப்ரவரி 19 தேதியிட்ட அரச சாசனம், பூர்வகுடியினர் தாங்கள் வாழ்ந்துவரும் நிலத்தை அனுபவிக்கும் உரிமையை எதுவும் பாதிக்காது என்று தெளிவாகச் சொன்னது. சொன்னதோடு சரி. அதற்கு முன்பே அந்த நிலம் 437 உத்தரவுகளாக லண்டனில் விற்றுத் தீர்ந்திருந்தது. ஓர் ஏக்கருக்குக் கூடக் கௌர்னா மக்களிடம் கிரயம் பேசப்படவில்லை. ஆணையர்கள் 12 ஷில்லிங்கா 20 ஷில்லிங்கா என்று மாதக்கணக்கில் விவாதித்தபோது, விற்பவர் கைக்கு அந்த நிலம் என்ன விலைக்கு வந்தது என்ற கேள்வி அந்த மேசைக்கு வரவே இல்லை. அந்த மக்கள் தங்கள் உரிமையைக் கேட்டு வழக்குத் தொடுத்தது 2000-ல். 2018 மார்ச்சில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் அதை ஏற்றபோது, கட்டடம் ஏறாமல் மிஞ்சிய 17 துண்டு நிலங்களில்தான் அந்த உரிமை நின்றது.

வளையத்துக்கு அடுத்த வயல்

இனி நகர எல்லைக்கு வெளியே வருவோம். அளந்து பிரித்த ஒவ்வொரு நிலத் துண்டையும் பிரிவு என்றார்கள். சட்டப்படி பூங்கா வளையத்தை ஒட்டிய பிரிவுக்கும் இருபது மைல் தள்ளி இருக்கும் பிரிவுக்கும் ஒரே விலை. அப்படியானால் எதை எடுப்பது என்பது விலையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. யார் பெயர் முதலில் குலுக்கலில் வந்ததோ அவர் நகரத்தை ஒட்டித் தேர்ந்தார். கடைசியில் வந்தவருக்குத் தள்ளிக் கிடந்தது. இருவரும் ஒரே தொகையைக் கட்டியவர்கள்.

நாட்டுப்புற நிலத்தை அளந்து, தேர்வுக்கு விட்டது 1838-ல். ஏற்கெனவே இரண்டு வருடத்துக்கு மேல் பணம் முடங்கிக் கிடந்தது. கையில் வந்ததும் நகரத்தை ஒட்டிய பிரிவுகளில் கலப்பை இறங்கவில்லை, மனை பிரிக்கும் கயிறு இறங்கியது. முதல் ஆளுநர் ஜான் ஹைண்ட்மார்ஷ் கையில் இருந்த பிரிவு அந்த வருடமே மனைகளாகி ஹைண்ட்மார்ஷ் என்ற ஊரானது. நிலத்துக்குப் பொறுப்பான ஆணையர் ஜேம்ஸ் ஹர்ட்டில் ஃபிஷர் தம் பிரிவை 1839-ல் பௌடன் என்ற ஊராகப் பிரித்தார். சர்வேயர் ஜெனரல் லைட்டின் சொந்தப் பிரிவு தெபார்ட்டன் ஆனது. ஆட்சி செய்தவர், விற்றவர், அளந்தவர், மூவரும் வளையத்தை ஒட்டி ஒவ்வோர் ஊருக்குச் சொந்தக்காரர்கள். இதில் சட்டம் எதுவும் மீறப்பட்டதாக நான் சொல்லவில்லை. ஏக்கருக்கு ஒரே விலை என்ற விதி, இடத்தின் மதிப்பை அரசு வாங்கிக்கொள்ளாமல் வாங்கினவர் கையிலேயே விட்டுவைத்தது. அதை முதலில் கண்டவர்கள் பக்கத்தில் இருந்தவர்கள்.

இந்த மனைகளை வாங்கியது யார்? கூலிக்காரர்களும் கைத்தொழில் செய்தவர்களும்தான். செங்கல் சூளைக்காரர், தச்சர், தோல் பதனிடுபவர். ஏக்கர் ஒரு பவுண்ட்தானே, அவர்களே நேராக அரசிடம் வாங்கியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். ஆனால் அரசு ஏக்கர் ஏக்கராக விற்கவில்லை. புதிதாக வாங்குபவருக்கு ஒரு பிரிவு என்பது 80 ஏக்கர். உண்மையான நுழைவு விலை 80 பவுண்ட், அதுவும் ஒரே தவணையில் ரொக்கமாக. கால் ஏக்கரில் வீடு கட்டி, பின்னால் ஒரு காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைக்க நினைத்தவனுக்கு அரசின் கதவு அடைத்திருந்தது. அவன் பிரிவுக்காரரிடம் போனான். அவர் கேட்டது தம் விலையை. ஏக்கர் விலையைப் பற்றி மட்டுமே பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணை விட்டுவிடுகிறார்கள். குறைந்தபட்ச அளவு என்பதும் ஒரு விலைதான். ஏழைக்கு அதுவே பெரிய விலை.

இன்றும் அடிலெய்டின் உள்புறநகர் வரைபடத்தை விரித்தால், பழைய பிரிவுகளின் எல்லைக் கோடுகள் பல இடங்களில் சாலைகளாகவே ஓடுவதைப் பார்க்கலாம்.

தண்ணீர் இருக்கும் 4,000 ஏக்கர்

அளவை வேலை பின்தங்கியதற்கு லைட் மேல் பழி போட்டார்கள். லண்டன், விரைவாக ஓடி அளக்கும் முறைக்கு மாறச் சொன்னது. அப்படி அளந்தால் எல்லைகள் தப்பாகும் என்று மறுத்து 1838-ல் அவர் ராஜினாமா செய்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் காசநோயால் இறந்தார். ஹைண்ட்மார்ஷும் ஃபிஷரும் அதிகாரம் யாருடையது என்று மோதிக்கொண்டதில் ஆளுநர் திரும்ப அழைக்கப்பட்டார். 1838 அக்டோபரில் இரண்டு பதவிகளையும் சேர்த்து ஏற்று வந்தவர் ஜார்ஜ் கோலர்.

அந்தக் காலத்தில்தான் சிறப்பு சர்வே என்ற வழி பெரிதாகத் திறந்தது. 4,000 பவுண்ட் கட்டினால், நீங்கள் காட்டும் இடத்தில் அரசு 15,000 ஏக்கரை அளந்து கொடுக்கும். அதில் உங்களுக்குப் பிடித்த 4,000 ஏக்கரை எடுத்துக்கொள்ளலாம். ஏக்கர் அப்போதும் 1 பவுண்ட்தான், விதி மீறப்படவில்லை. ஆனால் வறண்ட நாட்டில் 15,000 ஏக்கருக்குள் நல்ல 4,000 எது என்று கேட்டால் எந்த விவசாயியும் சொல்வான்: ஓடை ஓடும் இடம், ஊற்று இருக்கும் இடம், வண்டல் படிந்த இடம். அதை எடுத்துக்கொண்டால் மிச்சம் 11,000 ஏக்கரை யாரும் 1 பவுண்ட் கொடுத்து வாங்க மாட்டார்கள். தண்ணீர்க்காரர் அங்கே ஆடு மேய்த்துக்கொள்ளலாம். 4,000-க்கு விலை கொடுத்து 15,000-ஐ ஆளலாம். மவுண்ட் பார்க்கர் இப்படிப் போனது. ஆங்கஸின் குமாஸ்தா சார்லஸ் ஃபிளாக்ஸ்மன், முதலாளியைக் கேட்காமலே பரோசாப் பகுதியில் ஏழு சிறப்பு சர்வேக்களை எடுத்தார். மொத்தம் 28,000 ஏக்கர். லண்டனில் இருந்த ஆங்கஸை அது கடனில் தள்ளியது. பிறகு அதே நிலம்தான் அவர் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது. மத நெருக்கடியால் பிரஷ்யாவை விட்டு வந்த லூத்தரன் குடும்பங்கள் அந்தப் பள்ளத்தாக்கில் குடியேறி அதை விளைய வைத்தன.

எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம். விலையை ஒரே எண்ணில் கட்டிப்போட்டுவிட்டுத் தேர்வைத் திறந்து விட்டால், போட்டி விலையிலிருந்து தேர்வுக்கு மாறிவிடுகிறது. பணம் அதிகம் உள்ளவன் அதிக விலை கொடுப்பதில்லை, அதிகத் தேர்வை வாங்குகிறான்.

உடைந்த வருடங்கள்

நிலப் பணம் ஆட்களைக் கொண்டுவந்து குவித்தது. வந்தவர்களுக்கு வேலை கொடுக்கும் விவசாயம் இன்னும் பிறக்கவில்லை. கோலர் பொதுப்பணிகளில் அவர்களை இறக்கினார், சர்வேயை வேகப்படுத்தினார், செலவுக்கு லண்டன் மேல் உண்டியல், அதாவது லண்டன் கட்ட வேண்டிய பணச் சீட்டு, எழுதினார். 1840-ல் அந்த உண்டியல்களை ஏற்க லண்டன் மறுத்தது. 1841 மே மாதம் ஜார்ஜ் கிரே ஆளுநராக வந்து இறங்கினார். நாடாளுமன்றம் 1,55,000 பவுண்ட் கொடுத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. ஆணையர் முறை ஒழிந்தது. பலர் கோலரின் ஊதாரித்தனத்தைத்தான் காரணம் என்று எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலம் விற்ற காசில் ஒரு பென்னி கூடச் சாலைக்கோ அளவைக்கோ போகக் கூடாது என்று எழுதிய சட்டத்திலேயே அந்த முறிவு இருந்தது. விற்ற நிலத்தை அளந்து கொடுப்பதற்கே கடன் வாங்க வேண்டிய அரசு எத்தனை நாள் தாங்கும்?

இதற்குள் 1 பவுண்ட் விலை மற்ற குடியேற்றங்களுக்கும் பரவத் தொடங்கியிருந்தது. மெல்பர்ன் இருந்த போர்ட் ஃபிலிப் மாவட்டத்தில், 5,120 பவுண்ட் கட்டினால் எட்டுச் சதுர மைல், அதாவது 5,120 ஏக்கர், விரும்பிய இடத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று 1840-ல் லண்டன் விதி போட்டது. மெல்பர்னில் 1837 ஜூனில் நடந்த முதல் ஏலத்திலேயே அரை ஏக்கர் மனை சராசரி 35 பவுண்டுக்குப் போயிருந்தது. 1841 தொடக்கத்தில் ஹென்றி டெண்டி என்ற இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்துக்காரர் லண்டனில் பணம் கட்டிய ரசீதோடு வந்து இறங்கியபோதுதான் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் ஜார்ஜ் கிப்ஸுக்கு ஆபத்து புரிந்தது. நகரத்தை ஒட்டியே அவர் கை வைத்தால், ஏலத்தில் பல மடங்கு போகக்கூடிய நிலம் ஏக்கர் 1 பவுண்டுக்குப் போய்விடும். நகரத்திலிருந்து ஐந்து மைலுக்குள் எடுக்கக் கூடாது, நீர்க்கரையையும் ஓர் அளவுக்கு மேல் வளைக்கக் கூடாது என்று கிப்ஸ் வரம்பு கட்டினார். டெண்டி அந்த ஐந்து மைலைத் தாண்டியதும் கடற்கரையில் எடுத்தார். அதுதான் இன்றைய பிரைட்டன். நிலத்துக்கு இடத்தைப் பொறுத்து மதிப்பு மாறும் என்ற சாதாரண உண்மையை, விலையில் சொல்ல முடியாதபோது மைல் கணக்கில் சொன்னார் கிப்ஸ். சில மாதங்களில் லண்டன் அந்த விதியையே திரும்பப் பெற்றது. டெண்டிக்கும் அது நிலைக்கவில்லை. நாற்பதுகளின் மந்தத்தில் சொத்தை இழந்தவர் 1881-ல் வறுமையில் இறந்தார்.

1842-ல் வந்த சட்டம் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் ஏக்கர் 1 பவுண்டை அடிமட்ட விலையாக்கி, அதற்கு மேல் ஏலம் விடச் சொன்னது. நிலப் பணத்தில் பாதி ஆள் அழைத்துவர, மீதி அரசின் மற்றச் செலவுக்கு. இலங்கைக்கும் இது வந்தது. அங்கே 5 ஷில்லிங்காக இருந்த அரச நிலத்தின் ஆரம்ப விலை 1844-ல் 1 பவுண்ட் ஆனது. ஆனால் கண்டி மலைகளில் காப்பித் தோட்டம் போட்டவர்களுக்குக் கூலியாளைப் பிடித்து வைக்க நில விலை தேவைப்படவில்லை. பஞ்சமும் கடனும் துரத்த, சென்னை மாகாணத்திலிருந்து கங்காணியின் பின்னால் நடந்து வந்த நம் மக்கள் இருந்தார்கள். அடிலெய்டின் கூலிக்காரனுக்குச் சில வருடம் கழித்தாவது நிலம் உண்டு என்று கொள்கை அளவிலாவது சொன்னார்கள். அதே 1 பவுண்ட் விலை மலையகத்துக்கு வந்தபோது அந்த வாக்கு அதோடு வரவில்லை.

மண்ணுக்கு அடியில்

1842-ல் அடிலெய்டுக்கு வடக்கே கபுண்டா அருகே ஆட்டுப் பண்ணைக்காரர்களான பிரான்சிஸ் டட்டனும் சார்லஸ் பேகட்டும் பச்சை நிறச் செம்புத் தாதுவைக் கண்டார்கள். வாயைத் திறக்கவில்லை. 80 ஏக்கரை அளக்கச் சொல்லி, ஏலத்துக்கு வரவைத்து, போட்டியில்லாமல் ஏக்கர் 1 பவுண்டுக்கு, 80 பவுண்டுக்கு எடுத்தார்கள். செம்பு இருக்கும் செய்தி ஊரெல்லாம் தெரிந்த பிறகு, 1845-ல், அதை ஒட்டிய 100 ஏக்கர் ஏலத்துக்கு வந்தது. 2,210 பவுண்டுக்குப் போனது. ஏலம் வைத்தால் மட்டும் போதாது, வாங்குபவர்களுக்கு நிலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான சான்றை நான் பார்த்ததில்லை.

இன்னும் வடக்கே புர்ரா என்ற இடத்தில் கிடைத்தது அதைவிடப் பெரியது. 1845-ல் ஆட்டிடையர்கள் அங்கே செம்பைக் கண்டார்கள். இந்த முறை ரகசியம் நிற்கவில்லை. 1842 சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. 20,000 ஏக்கருக்குக் குறையாமல் மொத்தமாக வாங்கினால் ஏலம் வேண்டாம், அடிமட்ட விலையிலேயே பேசி முடிக்கலாம். அடிலெய்டின் கடைக்காரர்கள் ஒரு கூட்டாகவும், செல்வர்கள் இன்னொரு கூட்டாகவும் திரண்டார்கள். ஊர் முன்னவரை 'ஸ்னாப்ஸ்' என்றும் பின்னவரை 'நாப்ஸ்' என்றும் அழைத்தது. எந்தக் கூட்டாலும் 20,000 பவுண்ட் ரொக்கத்தைத் தனியாகத் திரட்ட முடியவில்லை. ஒருவரையொருவர் நம்பாத இரு கூட்டும் பணத்தைச் சேர்த்துக் கட்டி, வாங்கிய நிலத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, சீட்டுக் குலுக்கின. ஆளுக்கு 10,000 ஏக்கர். வடக்கு கடைக்காரர்களுக்கு, தெற்கு செல்வர்களுக்கு. செம்பு வடக்கில் இருந்தது. 5 பவுண்ட் வீதம் 2,464 பங்குகள், மொத்தம் 12,320 பவுண்ட் முதல். அந்த முதலுக்கு வந்த லாபப் பங்கு காலப்போக்கில் 8 லட்சம் பவுண்ட் அளவுக்குப் போனது. 1877-ல் மூடும் வரை சுமார் 50,000 டன் செம்பு அங்கிருந்து வந்தது. தெற்கில் ஏக்கருக்கு அதே 1 பவுண்ட் கொடுத்தவர்களின் சுரங்கம் ஒன்றுக்கும் ஆகவில்லை.

அரசுக்கு ஒவ்வொரு பாதிக்கும் கிடைத்தது 10,000 பவுண்ட்தான். விளைச்சலில் பங்கு, தாதுவுக்கு ராயல்டி என்று எதையும் அது வைத்துக்கொள்ளாமலே நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டது.

சுரங்கத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள், பெரும்பாலும் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து. நிலமெல்லாம் கம்பெனியுடையது. கூரிங்கா என்ற கம்பெனி ஊரில் மனை விலைக்குக் கிடையாது, குத்தகைக்கு மட்டும்தான். வீடுகள் போதவில்லை, வாடகையும் கட்டுபடியாகவில்லை. ஆட்கள் புர்ரா ஓடையின் கரையைக் குடைந்து வளைகளில் குடியேறினார்கள். மண்ணே சுவர், மேலே குத்திய ஒரு துளைதான் புகைபோக்கி. அதற்கு வாடகை இல்லை. 1851-ல் கணக்கெடுத்தபோது சுமார் 1,800 பேர் அப்படி ஓடைக்கரையில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நிலம் விற்ற காசில் கப்பலேற்றி அழைத்து வரப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். அதே வருடம் ஓடை பெருக்கெடுத்து அந்த வளைகளுக்குள் புகுந்தது.